முதல் கார்: 16 லட்சத்துக்குள் திருகோணமலைக்கு எது சரிவரும்?

உப்புவெளி_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது. உயர்தரம் எழுதிவிட்டு உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். வீடு பாலையூற்றில். பின்னேர ஷிப்ட் என்றால் முடிய இரவு பத்து, பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஓட்டோவுக்குக் கொடுத்தே சம்பளத்தில் நல்ல பங்கு போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். ஸ்கூட்டியில் ஏறி இறங்க அவவால் முடியாது.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டேன். கியர் காரில்தான் பழகினேன். என் சேமிப்பு, அம்மா பிடித்த சீட்டு, கனடாவில் இருக்கும் மாமா தந்தது எல்லாம் சேர்த்து 16 லட்சம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

பார்த்து வைத்திருப்பவை இவை: திருக்கடலூரில் 2004 மாருதி 800 ஒன்று, குருநாகலில் நிசான் சனி எஃப்.பி. 14 ஒன்று, பிறகு ஒரு டாட்டா நானோ. சித்தப்பா என்ன சொல்கிறார் என்றால், இருக்கிற பணத்தை முன்பணமாகக் கட்டி லீசிங்கில் 2015க்குப் பிந்திய ஆல்டோ எடு, பழசை வாங்கி மாரடிக்காதே என்கிறார். எனக்கு வாகனம் பற்றி ஓட்டத் தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது. எதை, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும்?

சீனக்குடா_ரைடர்:

தங்கச்சி, பிழையாக நினைக்க வேண்டாம், 19 வயதில் கார் எதற்கு? அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல ஸ்கூட்டி எடுத்து மீதியை வங்கியில் போடலாம். கார் என்பது வாங்குவதோடு முடியாது. பெற்றோல், வரி, காப்புறுதி, டயர் என்று வருசம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஸ்கூட்டிக்காரர் சமாளித்தார்கள். அம்மாவின் கிளினிக்குக்கு மட்டும் ஓட்டோ பிடியுங்கள்.

உப்புவெளி_மகள்:

அண்ணா, நீங்கள் சொல்லும் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கார்த்திகை, மார்கழி மழையில் இரவு பத்தரைக்கு நிலாவெளி வீதியில் ஸ்கூட்டியில் தனியாக வருவதை அம்மா ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டா. எனக்கும் அது பயம்தான். கார் ஆடம்பரத்துக்கு இல்லை.

அனுராதபுரச்சந்தி_கராஜ்:

பிள்ளை, எந்தக் கார் என்று கேட்கிறாய். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எங்களிடம் வருகிற பழைய கார்களில் எஞ்சின் போய்ப் படுத்தவை கொஞ்சம், கறள் தின்று படுத்தவைதான் கூட. எஞ்சினைச் செய்யலாம். கியர் பெட்டியை மாற்றலாம். அடித்தகரம் போன காரை ஒன்றும் செய்ய இயலாது. வெட்டி ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த மாரிக்குத் திரும்பத் தொடங்கும். எங்கள் டவுண் மூன்று பக்கமும் கடல். கடற்கரை ஓரம் வெளியில் நிறுத்தி வைத்த கார் ஓடாமலே பழுதாகும்.

அதனால் முதல் வேலை கறள் பார்ப்பது. சாரதி பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தில் தகரத்தைக் கையால் தடவு. ஈரம் இருந்தாலோ, தகரம் பொருக்குப் பொருக்காக வந்தாலோ உள்ளே தண்ணீர் இறங்குகிறது. டிக்கியில் ஸ்பெயார் டயரை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் டோர்ச் அடி. கதவைத் திறந்தால் நிலைப்படி ஓரமாக ஓடும் றப்பரை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துப் பார். அதற்கு அடியில் விளிம்பு உதிர்ந்தால் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிப் பகுதி உள்பக்கத்தால் போய்விட்டது என்று வைத்துக்கொள், வெளியே பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் சரி. பொனட்டைத் திறந்து, ஷொக் மேலே வந்து பூட்டுகிற இரண்டு இடத்தையும் பார். ஜக் வைக்கும் இடத்தைப் பெருவிரலால் நன்றாக அழுத்து. அது அமுங்கவே கூடாது.

பிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ. மட்காட் வளைவிலும் கதவுகளின் கீழ் விளிம்பிலும் வைத்துக்கொண்டே வா. நல்ல தகரம் இழுக்கும். கட்டாலோய், அதாவது இடியையும் கறளையும் மறைக்க நிரப்பும் களி, பூசின இடத்தில் காந்தம் நிற்காமல் விழும். ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் சின்ன இடி ஏதோ பட்டிருக்கும், பரவாயில்லை. கீழ்ப் பக்கம் முழுக்க விழுந்தால் வந்த வழியே திரும்பிவிடு. விலை குறைக்கிறேன் என்று சொன்னாலும் நிற்காதே.

அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் சந்தோசப்படாதே. விற்கிற நேரத்தில் எதற்கு அடித்தார்கள் என்று கேள்.

அடுத்தது எஞ்சின். போவதற்கு முன் போன் எடுத்து, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ. போனதும் பொனட்டில் கை வை. சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லு. நோயுள்ள எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஓயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், அதோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கஸ்கெட்டை (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகட்டை) சந்தேகப்படு. ஓயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் பால் தேநீர் நிறத்தில் களி இருந்தாலும் அதே சந்தேகம்தான். அதற்குப் பிறகு ஏசியைப் போட்டு உவர்மலை ஏற்றத்தில் ஏற்று. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹான்ட்பிரேக்கில் நிற்கிறதா பார், அங்கிருந்து கிளம்பிப் பார். கிளட்ச் எரிகிற மணம் வந்தால் கிளட்ச் தட்டுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டும். இறங்கி வந்து பிரதான வீதி நெரிசலில் ஏசியோடு கொஞ்ச நேரம் நிறுத்தி, சூட்டு முள் ஏறுகிறதா பார். சித்திரை வெயிலில் அந்த முள்தான் உன்னை வீதியில் இறக்கிவிடும்.

பணம் பற்றி ஒன்று. 16 இருந்தால் 13க்குள் தேடு. மீதி மூன்றும் காருக்குத்தான். டயர், பற்றரி, பிரேக், ஓயில் எல்லாம், காப்புறுதி, பெயர் மாற்றம் என்று முதல் இரண்டு மாதத்திலேயே கேட்கும். மாருதி 800 என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் காட்டச் சொல்லு. பில் இல்லையென்றால் வாங்கின கையோடு மாற்று. ஓடும்போது அறுந்தால் வாகனம் அங்கேயே நின்றுவிடும்.

கிண்ணியா_நானா:

வணக்கம் தங்கச்சி. கராஜ் அண்ணன் வாகனத்தைச் சொல்லிவிட்டார், நான் பேப்பரைச் சொல்கிறேன். வாகனம் வாங்கி விற்கிற எங்களுக்கு ஒரு காரில் முதலில் பார்க்கிற இடம் பதிவுப் புத்தகம்தான்.

புத்தகத்தின் மூலப்பிரதியைக் கேளுங்கள், போட்டோ பிரதியைக் காட்டினால் போதாது. அதில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா? எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் காரிலேயே குனிந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கொம்பனியின் பெயரோ வங்கியின் பெயரோ இருந்தால் அந்தக் கார் இன்னும் விற்பவருக்கு முழுதாகச் சொந்தமில்லை. காசு கட்டி முடிந்துவிட்டது, கடிதம் எடுத்தால் சரி என்பார்கள். அப்படியென்றால் அவரே கடிதம் எடுத்து, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கிவிட்டு வரட்டும். அதுவரை முற்பணம் கூடக் கொடுக்க வேண்டாம்.

சித்தப்பா சொன்ன லீசிங் பற்றி. அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் ஹோட்டலில் வேலை. சீசனுக்குச் சேர்விஸ் சார்ஜ் நன்றாக வரும், கச்சான் காற்றுக் காலம் முடிந்து மழை தொடங்கினால் அது விழுந்துவிடும். மாதத் தவணை விழாது. லீசிங் இருக்கும்வரை முழுக் காப்புறுதியும் கட்டாயம். பிணைக்குச் சம்பளப் பத்திரத்தோடு ஆட்கள் வேண்டும். தவணை தவறினால் வாகனத்தைத் தூக்குவார்கள், கட்டின முன்பணமும் போன மாதிரிதான். 16 லட்சம் கையில் இருக்கும் பிள்ளை கடன்காரியாக ஏன் தொடங்க வேண்டும்?

பெயர் மாற்றம் கட்டாயம். பெயர் மாற்றப் படிவங்களில் விற்பவர் பக்கத்துக் கையெழுத்தைப் பதிவு உரிமையாளரே வைக்க வேண்டும். காசு கொடுக்கும் அன்றைக்கே உங்கள் முன்னால் வைக்கட்டும்.

கோணேசபுரி_தம்பி:

நானா, எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து வைத்த படிவத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டுதானே வாங்குகிறார்கள்? பெயர் மாற்றச் செலவும் அலைச்சலும் மிச்சம். திரும்ப விற்கும்போதும் லேசு.

இன்னொரு கேள்வி. எனக்கு 17. அண்ணாவின் பெயரில் ஒரு மாருதி எடுத்துவிட்டு நான் ஓடலாமா? ஓட்டம் நன்றாகத் தெரியும்.

கிண்ணியா_நானா:

தம்பி, வாங்கி விற்கிற ஆட்களுக்கு ஓபன் பேப்பர் வசதி, வைத்து ஓடுகிறவருக்கு அது வினை. எங்கள் ஊரில் ஒருவர் அப்படி ஒரு வான் எடுத்தார். புத்தகத்தில் பெயர் இருந்தவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் கொழும்பில். கையெழுத்து வாங்க அலைந்து களைத்து, கடைசியில் வானைப் பாதி விலைக்குத் தள்ளினார். படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். திணைக்களத்துக்குப் போய்ச் சேரும்வரை அது வெறும் தாள். விற்றவருக்கும் ஆபத்துத்தான். நீங்கள் யாரையாவது இடித்தால் பொலிஸ் முதலில் தேடிப்போவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை.

உவர்மலை_ரீச்சர்:

17 வயதுத் தம்பிக்கு நான் சொல்கிறேன். 18 வயதுக்கு முன் கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் கிடையாது. ஓட்டம் தெரியும் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டி ஒருவருக்குக் காயம் பட்டால் காப்புறுதிக் கொம்பனி கைவிரிக்கலாம். மருத்துவச் செலவும் நட்டஈடும் அண்ணாவின் தலையில் வரலாம், நீதிமன்றப் படியும் ஏற வேண்டி வரும். இன்னும் ஒரு வருசம்தான். அதற்குள் வீதி ஒழுங்குப் புத்தகத்தைப் படி, டயர் மாற்றப் பழகு, ஓயில் பார்க்கப் பழகு, அண்ணா ஓடும்போது பக்கத்தில் இருந்து வீதியைக் கவனி. இதெல்லாம் தெரிந்து அனுமதிப்பத்திரம் எடுக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு.

தங்கச்சிக்கு ஒரு விசயம். விலையும் கறளும் எல்லோரும் பேசுகிறோம், இடிபட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் பேசவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் இந்தியாவின் மலிவுக் கார்களை இடித்துப் பரிசோதித்தது. எயார்பேக் இல்லாத ஆல்டோ 800க்கும் நானோவுக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. மாருதி 800 அவற்றையும் விடப் பழைய வடிவமைப்பு. நானும் ஆல்டோதான் ஓடுகிறேன், வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரில் 60க்கு மேல் போக உங்களுக்கு ஒரு தேவையும் இல்லை. பாலையூற்றிலிருந்து உப்புவெளி என்ன தூரம்! பின் ஆசனத்து பெல்ட்டையும் பாருங்கள், அம்மா அங்கேதான் இருப்பா. பூட்டினால் பூட்டி நிற்க வேண்டும், சட்டென்று இழுத்தால் இறுக வேண்டும்.

எயார்பேக் உள்ள கார் ஏதாவது பார்த்தால், சாவியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க விளக்கையே நிறுத்தி வைத்திருக்கலாம்.

டயரைப் பூவை (வீதியில் படும் பக்கத்து வெட்டுகளை) வைத்து மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற காரில் பூ அப்படியே இருக்கும், றப்பர் மட்டும் வெடித்துப் போயிருக்கும். மழைக்கு அந்த டயர் பிடிக்காது.

இரவில் வருவதால் முன் விளக்கு முக்கியம். பழைய கார்களில் கண்ணாடி மஞ்சளாகி வெளிச்சம் மங்கிவிடும். நிலாவெளி வீதியில் இரவில் மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும், கோட்டைப் பக்கம் வந்தால் மான்கள் குறுக்கே பாயும். பேரம் பேசப் போகும்போது ஒருமுறை இருட்டிய பிறகும் ஓட்டிப் பாருங்கள். பகலில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு விளக்கின் நிலை தெரியாது.

ஏ6_வான்காரன்:

நான் வாரத்தில் பல தடவை கொழும்பு போய் வருகிறவன். வெளியூர்க் கார் பற்றிக் கொஞ்சம். கொழும்புக் கார் என்றால் கறள் இல்லை என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். கல்கிசையும் வத்தளையும் கடற்கரைதான். கறளுக்குப் பயந்தால் குருநாகல், மாத்தளை, கண்டி, எங்கள் மாவட்டத்துக்குள் என்றால் கந்தளாய்ப் பக்கம் தேடலாம்.

ஆனால் கடலுக்குத் தூரமான ஊர்க் காரில் வேறு பயம், வெள்ளம். 2016 மே மாதம் களனி ஆற்றுப் பக்கம் எத்தனையோ வாகனம் தண்ணீருக்குள் நின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நாடு முழுக்க. அந்தக் கார்களைக் கழுவி, சீட் உறை மாற்றி, சென்ட் அடித்து விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அடி நுனியில் சேற்றுக் கோடு இருந்தால் கதை முடிந்தது. சீட்டைத் தரையில் பூட்டும் போல்ட்டுகள், டாஷ்போர்ட்டுக்கு அடியில் வயர் சேரும் இடங்கள், விளக்குக்கு உள்ளே நீராவி படிந்த அடையாளம், இதெல்லாம் கழுவ மறக்கும் இடங்கள்.

விலை இறங்கும், கொஞ்சம் பொறு என்று சொல்பவர்களும் வருவார்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். வரி ஏறியிருப்பதால் புதுசு எங்களுக்கு எட்டாது, ஆகவே பழைய சின்னக் காருக்குக் கிராக்கி அப்படியே இருக்கிறது. தேவை இருந்தால் இப்போதே வாங்குங்கள்.

குருநாகல் காரை எடுத்தால் பகலில் கொண்டு வாருங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டினால் யானை இறங்கும். பழக்கமில்லாத காரில் அந்த வீதி இரவில் வேண்டாம்.

சீனக்குடா_ரைடர்:

சரி, மழை, அம்மா என்று சொன்ன பிறகு ஸ்கூட்டிக் கதையை நான் விடுகிறேன். ஆனால் காரென்றால் என் வாக்கு எஃப்.பி. 14க்குத்தான். ஜப்பான் கார், 1500 சிசி, ஏசி போட்டாலும் இழுக்கும், மாருதியைவிடத் தகரம் கனம். என் மச்சான் ஒன்று வைத்திருக்கிறார், கல்லு மாதிரி. மாருதி தகர டப்பா.

அனுராதபுரச்சந்தி_கராஜ்:

தம்பி, சனி நல்ல கார், நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அது 90களின் நடுப்பகுதிக் கார், இப்போது முப்பது வயது. எஞ்சின் சாமான் தேடலாம். முன் விளக்கு, கதவுக் கைபிடி, கண்ணாடி, உள் பிளாஸ்டிக் என்று ஏதாவது உடைந்தால் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி, கிடைத்த நிறத்தில் வாங்கி வர வேண்டும். உன் மச்சானுக்கு அலைய நேரம் இருக்கிறது. இந்தப் பிள்ளை லீவு நாளில் அம்மாவைப் பார்க்குமா, பஞ்சிகாவத்தைக்கு ஓடுமா?

மாருதி 800இன் உற்பத்தியும் 2014இல் நின்றதுதான். ஆனால் அந்த 796 சிசி எஞ்சின் ஒம்னி வானிலும் ஓடியது. அதனால் சாமான் டவுணிலேயே கிடைக்கும், கந்தளாயிலும் கிடைக்கும், எந்தக் கராஜ் பையனும் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். முதல் கார் வைத்திருப்பவருக்கு அதுதான் பெரிய உதவி. கார்புரேட்டர் உள்ள பழைய மாடலை விட்டுவிட்டு இன்ஜெக்சன் உள்ளதைத் தேடு, காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சிரமம் இருக்காது.

நானோவும் குறைந்த விலைக்கு வரும். 624 சிசி, இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னால். உள்ளே இடம் தாராளம், அம்மா ஏறி இறங்க உண்மையில் அதுதான் வசதி. ஆனால் செய்யத் தெரிந்த ஆட்கள் இங்கே குறைவு. நான் என் வீட்டுப் பிள்ளைக்கு எடுக்கமாட்டேன்.

உப்புவெளி_மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுத் திருக்கடலூர் மாருதியைப் பார்த்தேன். வெளியே பார்க்க அவ்வளவு வடிவு, புது சிவப்புப் பெயின்ட். 14 சொன்னார்கள், 13க்கு இறங்கினார்கள். காந்தத்தைக் கதவுகளின் கீழ்ப் பக்கம் வைத்தேன், நாலு கதவிலும் விழுந்தது. டிக்கியில் ஸ்பெயார் டயரை எடுக்கச் சொன்னபோது, அது இறுகிவிட்டது, எடுக்க இயலாது என்றார்கள். விடவில்லை, கூட வந்த தம்பி கழற்றினான். குழியின் அடியில் கடதாசிப் பெட்டி வெட்டி விரித்திருந்தது. அதைத் தூக்கினால் கீழே நிலம் தெரிகிறது. மீன் பெட்டி ஏற்றி ஓடின கார் என்று பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னா.

வாங்கவில்லை. கராஜ் அண்ணா, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பெயின்ட்டைப் பார்த்தே காசைக் கொடுத்திருப்பேன்.

இப்போது கந்தளாயில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் 2006 மாருதி 800 வந்திருக்கிறது, இன்ஜெக்சன் உள்ளது. புத்தகம் அவர் பெயரில், முழு உரிமையாளர் இடத்தில் வேறு பெயர் இல்லை, வருமான அனுமதிப்பத்திரம் நடப்பில் இருக்கிறது. 13 லட்சத்து 75 ஆயிரம் சொல்கிறார். கார்பெட் தூக்கினேன், காய்ந்திருக்கிறது. காந்தம் ஒரு இடத்தில், பின் மட்காட்டில் மட்டும் விழுந்தது. பள்ளிக்கூட மதிலில் உரசியது என்று அவரே முதலில் சொன்னார். டயர் நாலும் 2016. ஏசி குளிர் குறைவு. புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காட்டினார், அப்படியென்றால் எஞ்சின் சரிதானே?

ஏ6_வான்காரன்:

பின் மட்காட்டை அவரே சொன்னது நல்ல அடையாளம். விற்பவர் குறையைத் தானே சொன்னால் மற்றதையும் ஓரளவு நம்பலாம்.

அனுராதபுரச்சந்தி_கராஜ்:

புகைச் சான்றிதழை வைத்து எஞ்சினுக்கு நல்ல பெயர் கொடுக்காதே. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அது வருசாவருசம் வேண்டும், பரிசோதனை அன்றைக்கு ட்யூன் பண்ணிக்கொண்டு போனால் பழைய எஞ்சினும் தேறிவிடும். கம்ப்ரெசன், அதாவது சிலிண்டருக்குள் வரும் அழுத்தம், பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தால்தான் எனக்கு நிம்மதி.

நாலு டயரும் மாற்ற வேண்டும், அதைச் சொல்லியே விலை கேள். ஏசி வெறும் காஸ் குறைவா, கம்பிரசரா என்று பார்த்துச் சொல்கிறேன். காஸ் என்றால் சின்னச் செலவு, ஆனால் காஸ் ஏன் குறைந்தது என்று கசிவு தேட வேண்டும். கம்பிரசர் என்றால் அதையும் விலையில் குறைக்க வேண்டும்.

கிண்ணியா_நானா:

ஆசிரியரிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் பேசாமல் இருக்க வேண்டாம். டயரையும் ஏசியையும் காட்டி 13 கேளுங்கள், பதின்மூன்றேகாலில் நிற்கலாம். காசை வங்கியால் மாற்றுங்கள், கையில் கட்டாகக் கொண்டு போக வேண்டாம். படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது அவருடைய அடையாள அட்டைப் பிரதியும், காசு பெற்றதற்கு ஒரு கடிதமும், தேதியோடு மணி நேரமும் எழுதி வாங்குங்கள். அன்றைக்கு மாலை நாலு மணிக்குக் கார் கை மாறியது என்று எழுதி இருந்தால் அதற்கு முந்தி நடந்த எதுவும் உங்கள் தலையில் வராது. காப்புறுதி உங்கள் பெயருக்கு ஆகாமல் வீதியில் ஏற்ற வேண்டாம்.

உவர்மலை_ரீச்சர்:

வாங்கின பிறகு கடற்கரைப் பக்கம் நிறுத்த வேண்டி வந்தால், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். ஹோட்டலில் கடலுக்கு முதுகு காட்டின பக்கம், கட்டட மறைவில் இடம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். முதல் சில இரவுகள் யாராவது ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து வரட்டும்.

சீனக்குடா_ரைடர்:

டயர் வாங்கும்போது சொல்லுங்கள் தங்கச்சி, எனக்குத் தெரிந்த கடையில் நாலு இலக்கத்தையும் பார்த்துப் புதிதாக வந்ததை எடுத்துத் தருகிறேன்.

உப்புவெளி_மகள்:

நன்றி அண்ணா. ஆசிரியரிடம் பேசிவிட்டேன், மெக்கானிக் பார்த்த பிறகு விலை பேசுவோம் என்று ஒத்துக்கொண்டார். கராஜ் அண்ணா, எப்போது வரலாம்?

அனுராதபுரச்சந்தி_கராஜ்:

வருகிற போயா அன்றைக்குக் காலை எட்டு மணிக்குக் கராஜில் இருப்பேன், வேறு வேலை எடுக்கவில்லை. கந்தளாயிலிருந்து ஓடி வந்தால் எஞ்சின் சூடாக இருக்கும். அதனால் ஆசிரியரிடம் கேட்டு முதல் நாள் பின்னேரமே கொண்டு வந்து இங்கே நிறுத்தச் சொல்லு, கேட் பூட்டி வைப்பேன். காலையில் ஆறின எஞ்சினைத் திறக்கலாம். அவரும் வரட்டும், என்ன குறை, எவ்வளவு செலவு என்று இரண்டு பேருக்கும் முன்னால் சொல்கிறேன். புத்தகத்தையும் கொண்டு வரச் சொல்லு, சசி இலக்கத்தை நான் டோர்ச் அடித்துக் காட்டுகிறேன், நீயே வாசி.